முபாரக் வீழ்ந்த பிறகு எகிப்தியர்கள் ஏன் பிளவுபட்டார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011இல் எகிப்தில் என்ன நடந்தது?

2011 ஜனவரி 25 அன்று, காவலர் தினம் என்று அரசு விடுமுறை விட்டிருந்த நாளில், கெய்ரோ, அலெக்சாந்திரியா, சூயஸ் ஆகிய நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். காவல்துறையின் சித்திரவதை, நெருக்கடி நிலைச் சட்டம், விலைவாசி, முந்தைய ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் நடந்த அப்பட்டமான மோசடி, அதிபரின் மகனுக்கே அடுத்த பதவி என்ற அச்சம் ஆகிய எல்லாமும் சேர்ந்து வெடித்த நாள் அது. பதினெட்டு நாள்கள் கழித்து, பிப்ரவரி 11 மாலை, கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஆண்ட ஹோஸ்னி முபாரக் பதவி விலகிவிட்டதாகத் துணை அதிபர் உமர் சுலைமான் தொலைக்காட்சியில் அறிவித்தார். அதிகாரம் இராணுவ உயர் மன்றத்தின் கைக்குப் போனது. இந்தப் பதினெட்டு நாள்களில் குறைந்தது 846 பேர் கொல்லப்பட்டதாக அரசு அமைத்த விசாரணைக் குழுவே பதிவு செய்தது.

கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் ஒன்றாக நின்றவர்கள் யார்?

ஒருவரை ஒருவர் அதுவரை நம்பியிராதவர்கள் என்பதே சரியான விடை. 2008இல் மஹல்லா நகர நெசவாலைத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக உருவான ஏப்ரல் 6 இளைஞர் இயக்கம், அலெக்சாந்திரியாவில் காவலர்கள் அடித்துக் கொன்ற காலித் சயீத் என்ற இளைஞரின் பெயரில் இயங்கிய முகநூல் பக்கத்தால் திரண்டவர்கள், இடதுசாரிகள், தாராளவாதிகள், கால்பந்து ரசிகர் குழுக்கள், எகிப்தின் பழமையான திருச்சபையைச் சேர்ந்த கோப்டிக் கிறிஸ்தவர்கள், பெரும் அமைப்பு வலுவுடைய இஸ்லாமிய அரசியல் இயக்கமான முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பினர் என்று பலரும் அங்கே இருந்தனர். சகோதரத்துவ அமைப்பின் தலைமை முதல் நாளில் அதிகாரபூர்வமாகக் கலந்துகொள்ளவில்லை. ஆனால் பிப்ரவரி 2 அன்று ஒட்டகங்களிலும் குதிரைகளிலும் வந்து கூட்டத்தைத் தாக்கியவர்களிடமிருந்து சதுக்கத்தைக் காத்ததில் அதன் இளைஞர்களுக்குப் பெரும் பங்குண்டு. கோப்டிக் திருச்சபையின் தலைவர் மூன்றாம் ஷெனூதா முபாரக்கை ஆதரித்தார்; அவருடைய சபையின் இளைஞர்களோ சதுக்கத்தில் தொழுகை நடத்திய முஸ்லிம்களைச் சுற்றிக் கைகோத்துக் காவல் நின்றார்கள்.

அந்தக் காட்சி பொய்யானதல்ல. பின்னால் நடந்தவற்றைப் பார்த்துவிட்டு அந்த ஒற்றுமையே வெறும் தோற்றம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் ‘மக்கள் இந்த ஆட்சியமைப்பு விழ வேண்டும் என்கிறார்கள்’ என்ற முழக்கத்தில் வரும் ‘ஆட்சியமைப்பு’ என்ற சொல் சிலருக்கு முபாரக்கையும் அவர் குடும்பத்தையும், சிலருக்குக் காவல்துறையையும், மிகச் சிலருக்கே இராணுவத்தையும் குறித்தது. அதை விளக்கிக்கொள்ள அந்தப் பதினெட்டு நாள்களில் எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

முதல் பிளவு எப்போது தெரிந்தது?

முபாரக் விலகி ஆறு வாரங்களுக்குள், 2011 மார்ச் 19 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில்.

பழைய அரசமைப்பில் சில திருத்தங்களைச் செய்து, முதலில் நாடாளுமன்றத் தேர்தலை நடத்தி, அந்த நாடாளுமன்றமே புதிய அரசமைப்பை எழுதும் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது இராணுவ மன்றம் முன்வைத்த திட்டம். சகோதரத்துவ அமைப்பும், அதைவிடக் கடுமையான மார்க்கப் பற்றாளர்களான ஸலஃபிகளும் ‘ஆம்’ என்றார்கள். இளைஞர் இயக்கங்களும் தாராளவாதக் கட்சிகளும் கோப்டிக்குகளில் பலரும் ‘அரசமைப்பே முதலில்’ என்று ‘இல்லை’ பக்கம் நின்றார்கள். சுமார் 1.4 கோடிப் பேர் ஆம் என்றும் 40 லட்சம் பேர் இல்லை என்றும் வாக்களித்தார்கள். ஆம் என்றவர்கள் 77 விழுக்காடு.

எதை முதலில் செய்வது என்ற கேள்வி வெறும் நடைமுறைச் சிக்கலாகத் தோன்றலாம். உண்மையில் அது அதிகாரப் பங்கீட்டைப் பற்றிய கேள்வி. எண்பது ஆண்டுகளாகக் கிராமம் கிராமமாக மருத்துவ முகாமும் அரிசி பருப்பு உதவியும் கொடுத்து வேரூன்றியிருந்த சகோதரத்துவ அமைப்பு நாளைக்கே தேர்தல் வைத்தாலும் வெல்லும். நேற்றுப் பிறந்த கட்சிகளுக்கு ஊர்ப் பெயர்களைத் தெரிந்துகொள்ளவே ஓராண்டு வேண்டும். எனவே ஒரு தரப்பு பெரும்பான்மையின் தீர்ப்பை உடனே கேட்டது; மறு தரப்பு அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே எல்லைகளை வரைந்துவிட விரும்பியது. இரண்டும் நியாயமான கோரிக்கைகள்தாம். அவற்றை உட்கார்ந்து பேசித் தீர்க்காமல் ஆம், இல்லை என்ற இரண்டு வட்டங்களுக்குள் அடைத்ததில்தான் கேடு தொடங்கியது. பள்ளிவாசல் பிரசங்கங்களில் ‘ஆம்’ என்பது மார்க்கக் கடமையாக்கப்பட்டது. ஒரு ஸலஃபி போதகர் முடிவு வந்ததும் அதை ‘வாக்குப்பெட்டிப் போர்’ என்றே வருணித்தார். இத்தனைக்கும் பிறகு, வாக்கெடுப்பு முடிந்து பதினொரு நாளில், மக்கள் வாக்களித்த சில பிரிவுகளோடு மக்கள் பார்த்தேயிராத பல பிரிவுகளையும் சேர்த்து 63 பிரிவுகள் கொண்ட அரசமைப்பு அறிவிப்பை இராணுவ மன்றம் தானே வெளியிட்டது.

இராணுவத்தை மக்கள் ஏன் நம்பினார்கள்?

ஜனவரி 28 அன்று காவல்துறை பின்வாங்கிய பிறகு வந்த டாங்கிகள் மக்களைச் சுடவில்லை. கட்டாய இராணுவச் சேவை உள்ள நாட்டில் அந்தப் படைவீரன் யாரோ ஒருவருடைய தம்பி, அடுத்த வீட்டுப் பையன். ‘இராணுவமும் மக்களும் ஒரே கை’ என்ற முழக்கம் அப்படிப் பிறந்தது. ஆனால் மார்ச் 9 அன்று அதே இராணுவம் சதுக்கத்தில் எஞ்சியிருந்தவர்களைப் பிடித்துச் சென்று அடித்தது. கைதான பெண்களைக் ‘கன்னித்தன்மைச் சோதனை’ என்ற பெயரில் இழிவுபடுத்தியது. ஆகஸ்டுக்குள் சுமார் 12,000 பொதுமக்கள் இராணுவ நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். இதைச் சொன்னவர்களைக் குழப்பக்காரர்கள் என்று திட்டியவர்களில் முன்னாள் ஆட்சியின் ஆதரவாளர்கள் மட்டும் இருக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

‘ஃபுலூல்’, ‘சோபாக் கட்சி’ என்ற சொற்கள் எவரைக் குறிக்கின்றன?

ஃபுலூல் என்றால் தோற்ற படையின் எச்சங்கள். பழைய ஆட்சியின் ஆள்கள் என்று பொருள்பட அந்நாள்களில் எல்லோர் வாயிலும் புழங்கிய வசைச்சொல். ‘ஹிஸ்புல் கனபா’, அதாவது சோபாக் கட்சி, வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பல கோடி மக்களைக் குறித்தது. போராளிகள் இவர்களைக் கேலியாகவே பார்த்தார்கள். அது பெரும் பிழை என்பேன். சுற்றுலாப் பயணிகள் வராததால் வருமானம் இழந்த லக்சோர் வண்டியோட்டிக்கும், தெருவில் காவலர் இல்லாததால் இரவில் கடையைத் திறந்துவைக்க அஞ்சியவருக்கும் புரட்சி என்ன தரப்போகிறது என்று சொல்ல எவரும் மெனக்கெடவில்லை. பிற்பாடு ‘நிலைத்தன்மை’ என்ற ஒரு சொல்லைச் சொல்லியே அவர்களை இராணுவம் தன் பக்கம் அழைத்துக்கொண்டது.

மஸ்பேரோ, முகமது மஹ்மூத் தெரு என்ற பெயர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

எகிப்தியர்களிடையே இன்றளவும் ஆறாத மனக்காயங்களின் முகவரிகள் இவை. அன்றைய பிளவைக் கட்சிகளின் பெயர்களைவிட இந்த இடப்பெயர்களைக் கொண்டு விளக்குவதே எளிது.

2011 அக்டோபர் 9 அன்று, தேவாலயம் ஒன்று இடிக்கப்பட்டதைக் கண்டித்துக் கெய்ரோவின் அரசுத் தொலைக்காட்சி நிலையமான மஸ்பேரோவின் முன் திரண்ட கோப்டிக் கிறிஸ்தவர்கள் மீது இராணுவ வண்டிகள் ஏறின. துப்பாக்கிச் சூடும் நடந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நேரத்தில் அரசுத் தொலைக்காட்சி, இராணுவத்தைக் கிறிஸ்தவர்களிடமிருந்து காக்க வருமாறு ‘நேர்மையான குடிமக்களை’ அழைத்தது. பெரும் கட்சிகளின் கண்டனம் மெலிந்த குரலில் ஒலித்து ஓய்ந்தது.

நவம்பர் 19 முதல் சில நாள்கள், தஹ்ரீரிலிருந்து உள்துறை அமைச்சகத்தை நோக்கிச் செல்லும் முகமது மஹ்மூத் தெருவில், இராணுவம் ஆட்சியைக் குடிமக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் மீது காவல்துறை பாய்ந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்; கண்ணைக் குறிபார்த்துச் சுட்டதால் பலர் பார்வை இழந்தார்கள். நவம்பர் 28 அன்று நாடாளுமன்றத் தேர்தல் தொடங்கவிருந்தது. தேர்தல் தள்ளிப்போய்விடும் என்ற அச்சத்தில் சகோதரத்துவ அமைப்பின் தலைமை தன் ஆள்களைத் தெருவுக்கு அனுப்ப மறுத்தது. தேர்தல் நடந்தது, அதன் கட்சி தலைமையிலான கூட்டணி கிட்டத்தட்டப் பாதி இடங்களையும் ஸலஃபிகள் கால்வாசி இடங்களையும் பிடித்தார்கள். பிணங்களின் மேல் நடந்து நாடாளுமன்றத்துக்குப் போனார்கள் என்ற குற்றச்சாட்டும் அன்றே எழுந்துவிட்டது.

எகிப்தின் பிளவைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவது முக்கியமாக இதுதான்: கொள்கை வேறுபாட்டால் மட்டும் அவர்கள் பிரிந்துபோகவில்லை, அடுத்த அணியினர் கொல்லப்பட்டபோது ஒவ்வோர் அணியும் தன் கணக்கைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்ததால் பிரிந்துபோனார்கள். மஸ்பேரோவில் அது தொடங்கியது.

2012 அதிபர் தேர்தலில் புரட்சியின் ஆள்கள் ஏன் தோற்றார்கள்?

வாக்குகள் சிதறியதால். மே மாதம் நடந்த முதல் சுற்றில் சகோதரத்துவ அமைப்பின் முகமது மோர்ஸி 24.8 விழுக்காடும், முபாரக்கின் கடைசிப் பிரதமர் அஹ்மத் ஷஃபீக் 23.7 விழுக்காடும் பெற்றார்கள். முன்னாள் அதிபர் நாசரின் வழியைப் பின்பற்றும் இடதுசாரியான ஹம்தீன் சபாஹி 20.7 விழுக்காடும், சகோதரத்துவ அமைப்பிலிருந்து வெளியேறிய மிதவாதியான அப்துல் முனிம் அபுல் ஃபுதூஹ் 17.5 விழுக்காடும் பெற்று வெளியேறினார்கள். இவ்விருவரின் வாக்குகளையும் கூட்டினால் 38 விழுக்காட்டுக்கு மேல் வருகிறது. இருவரில் ஒருவர் விலகியிருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும் என்று அன்றிரவே கெய்ரோவின் காப்பிக்கடைகளில் கணக்குப் போட்டவர்கள் ஏராளம்.

இரண்டாம் சுற்றில் தேர்வு கடினமானது. எகிப்திய வழக்கில், விழுங்க முடியாத ஒன்றை விழுங்குவதற்கு ‘எலுமிச்சை பிழிந்துகொள்வது’ என்று சொல்வார்கள். பழைய ஆட்சி திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே மனமில்லாமல் மோர்ஸிக்கு வாக்களித்தவர்களுக்கு ‘எலுமிச்சை பிழிந்தவர்கள்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது; பின்னாளில் அதுவே ஏளனமாகவும் ஆனது. மோர்ஸி 51.7 விழுக்காடு பெற்று, ஒன்பது லட்சத்துக்கும் குறைவான வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். தன் வெற்றியில் எத்தனை எலுமிச்சை வாக்குகள் உண்டு என்பதை அவர் மறக்கத் தொடங்கியதும் அடுத்த பிளவு வந்தது.

மோர்ஸி எதனால் ஆதரவை இழந்தார்?

முதலில் அவருக்கு நியாயம் செய்துவிடுவோம். அவர் பதவியேற்பதற்கு இரு வாரங்களுக்கு முன்பே தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் கீழவையை அரசமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. இராணுவ மன்றம் அதிபரின் அதிகாரங்களைப் பிடுங்கிவைத்திருந்தது. காவல்துறை வேலை செய்யவே மறுத்தது. அந்த நெருக்கடியை எவராலும் எளிதில் சமாளித்திருக்க முடியாது.

ஆனால் 2012 நவம்பர் 22 அன்று தன் ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று அவர் வெளியிட்ட அறிவிப்பு, அவருக்காக எலுமிச்சை பிழிந்தவர்களையே எதிரிகளாக்கியது. தாராளவாதிகளும் திருச்சபைப் பிரதிநிதிகளும் வெளியேறிவிட்ட அரசமைப்புக் குழு, ஒரே இரவு அமர்வில் வரைவை நிறைவேற்றியது. டிசம்பர் 5 அன்று அதிபர் மாளிகையின் முன் கூடாரமிட்டிருந்த எதிர்ப்பாளர்களைச் சகோதரத்துவ அமைப்பினர் விரட்ட, மூண்ட மோதலில் சுமார் பத்துப் பேர் இறந்தார்கள். குடிமக்கள் குடிமக்களைக் கட்டிவைத்து அடித்த முதல் பெரிய இரவு அது. இறந்தவர்கள் எந்த அணியைச் சேர்ந்தவர்கள் என்று இரு தரப்பும் சடலங்களுக்கு உரிமை கோரின. பத்து நாள் கழித்துத் தொடங்கிய வாக்கெடுப்பில் 64 விழுக்காட்டினர் அந்த அரசமைப்பை ஏற்றார்கள். வாக்களிக்க வந்தவர்களோ மூன்றில் ஒரு பங்கினர்தான்.

அப்படியானால் இது மதவாதிகளுக்கும் மதச்சார்பற்றவர்களுக்கும் இடையிலான பிளவுதானே?

வெளியே இருந்து பார்ப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சில உண்மைகள் இடிக்கின்றன. 2013இல் மோர்ஸியை நீக்கும் அறிவிப்பின்போது இராணுவத் தளபதியின் அருகே அமர்ந்தவர்களில் கெய்ரோவின் புகழ்பெற்ற இஸ்லாமியக் கல்வி நிறுவனமான அல்-அஸ்ஹரின் தலைமை அறிஞர் இருந்தார். ஸலஃபிகளின் நூர் கட்சியின் பிரதிநிதியும் இருந்தார். மோர்ஸியை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களில் ஐவேளை தொழுபவர்களும் முக்காடிட்ட பெண்களும் ஏராளம். மதத்தின் இடம் குறித்த சண்டை உண்மையானதுதான். ஆனால் அரசு யார் கையில், காவல்துறையை யார் கட்டுப்படுத்துவது, இராணுவத்தின் பணத்துக்கு யார் கணக்குக் கேட்பது என்ற சண்டைகள் அதைவிட ஆழமானவை. முன்னதைப் பற்றி எல்லோரும் கத்தியதால் பின்னவை காதில் விழவில்லை.

2013இல் நடந்தது புரட்சியா, இராணுவக் கவிழ்ப்பா?

இந்தக் கேள்விக்கு ஒருவர் சொல்லும் விடையை வைத்தே அவருடைய அணியை எகிப்தியர்கள் கண்டுகொள்வார்கள்.

மின்வெட்டும் பெட்ரோல் வரிசையும் மக்களை வாட்டிய கோடையில், ‘தமரோத்’ என்ற கையெழுத்து இயக்கம் மோர்ஸி விலகி முன்கூட்டியே தேர்தல் நடக்க வேண்டும் என்று கேட்டது. தனக்கு 2.2 கோடிக் கையெழுத்துகள் கிடைத்ததாக அது சொன்னது; எவரும் அதைத் தனியே சரிபார்க்கவில்லை. ஜூன் 30 அன்று தெருவில் இறங்கிய கூட்டம் மாபெரும் கூட்டம் என்பதில் ஐயமில்லை. ஜூலை 3 அன்று, மோர்ஸியே பாதுகாப்பு அமைச்சராக நியமித்த அப்துல் ஃபத்தா அல்-சிசி, அவரைப் பதவியிலிருந்து நீக்கி, அரசமைப்பை நிறுத்திவைத்து, அரசமைப்பு நீதிமன்றத் தலைவர் அட்லி மன்சூரை இடைக்கால அதிபராக்கினார்.

என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. ஜூன் 30 உண்மையான மக்கள் எழுச்சி. ஜூலை 3 இராணுவக் கவிழ்ப்பு. இரண்டும் மூன்று நாள் இடைவெளியில் நடந்தன என்பதால் ஒன்று மற்றொன்றாகிவிடாது. தேர்தலைக் கேட்டவர்களுக்குத் தளபதி கிடைத்தார்.

அந்த நாள்களில் இரு கூட்டத்தையும் ஏற்காத சிலர் கெய்ரோவை ஒட்டிய கீசாவின் ஸ்பிங்ஸ் சதுக்கத்தில் கூடித் தங்களை ‘மூன்றாம் சதுக்கம்’ என்று அழைத்துக்கொண்டார்கள். ‘துரோகம் செய்த எல்லோரும் வீழ்க: இராணுவம், ஃபுலூல், இக்வான் (சகோதரத்துவ அமைப்பினர்)’ என்ற முழக்கத்தை எழுப்பியவர்களும் இத்தகையவர்களே. மிகச் சிறிய கூட்டம். எல்லாப் பக்கத்தாலும் திட்டப்பட்ட கூட்டம்.

ரபா சதுக்கத்தில் என்ன நடந்தது? அதன் பின் மக்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள்?

மோர்ஸியைத் திரும்பக் கொண்டுவரக் கோரி அவருடைய ஆதரவாளர்கள் ரபா அல்-அதவிய்யா பள்ளிவாசலைச் சுற்றி ஆறு வாரங்களுக்கும் மேலாகக் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். ‘பயங்கரவாதத்தை’ ஒடுக்கத் தனக்கு ஒப்புதல் தருமாறு சிசி கேட்க, ஜூலை 26 அன்று பெரும் கூட்டம் தெருவில் வந்து அதைத் தந்தது. ஆகஸ்ட் 14 அன்று பாதுகாப்புப் படைகள் உள்ளே புகுந்தன. ரபாவில் மட்டும் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்துள்ளது. முபாரக்குக்கு எதிரான பதினெட்டு நாள்களில் இறந்தவர்களின் அரசுக் கணக்குக்கு இது ஒரே நாளில் ஏறத்தாழச் சமம். அன்றே துணை அதிபர் முகமது எல்பராதேய் பதவி விலகினார். துரோகி என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. அடுத்த நாள்களில் கும்பல்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்களைத் தாக்கின. ரபாவோடு ஒரு தொடர்பும் இல்லாத ஊர்க் கிறிஸ்தவர்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள்.

அதன் பிறகு பேச்சு முறிந்தது. ‘ரபா’ என்ற சொல் நான்காவது என்று பொருள்படுவதால் நான்கு விரல்களை உயர்த்துவது ஒரு தரப்பின் அடையாளமானது. சாப்பாட்டு மேசையில் ஒருவர் அப்படிக் கையைத் தூக்கினால் மற்றவர் எழுந்துபோகும் வீடுகள் பல. சகோதரத்துவ அமைப்பினரை ‘ஆடுகள்’ என்று அழைப்பது வழக்கமாகி, ஆடுகள் அறுக்கப்பட்டதற்கு அழுவானேன் என்று கேட்கும் அளவுக்கு நாக்குகள் மரத்துப்போயின. மனிதர்களைக் கொல்வதற்கு முன் அவர்களுடைய பெயரைப் பறித்துவிடுகிறார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

இந்தப் பிளவால் எவருக்கு ஆதாயம்?

2013 நவம்பரில் வந்த போராட்டத் தடைச் சட்டம், முதலில் சிறைக்கு அனுப்பியவர்களில் ஏப்ரல் 6 இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான அஹ்மத் மாஹிரும் அடக்கம். 2014 ஏப்ரலில் அந்த இயக்கமே தடை செய்யப்பட்டது. அடுத்த மாதத் தேர்தலில் சிசி 96.9 விழுக்காடு பெற்றார். எதிர்த்து நின்ற சபாஹிக்கு விழுந்த வாக்குகளைவிடச் செல்லாத வாக்குகள் அதிகம். முபாரக் 2017இல் போராளிகளைக் கொன்ற வழக்கிலிருந்து விடுதலையானார். மோர்ஸி 2019 ஜூன் 17 அன்று நீதிமன்றக் கூண்டில் மயங்கி விழுந்து இறந்தார்.

துனிசியாவில் இவ்வளவு இரத்தம் சிந்தப்படவில்லையே, ஏன்?

அங்கேயும் 2013இல் இடதுசாரித் தலைவர்கள் சுக்ரி பெலயீதும் முகமது பிராஹ்மியும் சுட்டுக் கொல்லப்பட்டு நாடு விளிம்புக்கு வந்தது. ஆனால் துனிசியாவின் இராணுவம் சிறியது, அரசியலுக்குப் பழகாதது. நாடு முழுவதும் கிளை பரப்பிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்று இருந்தது. அது வேலை கொடுப்போர் சங்கத்தையும், மனித உரிமைச் சங்கத்தையும், வழக்கறிஞர் மன்றத்தையும் சேர்த்துக்கொண்டு இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது. ஆட்சியிலிருந்த இஸ்லாமியக் கட்சியான எந்நஹ்தா ஆட்சியை விட்டிறங்கியது. 2014 ஜனவரியில் அரசமைப்பு ஒப்புதல் பெற்றது. எகிப்தில் இரு தரப்பும் நம்பக்கூடிய நடுவர் என்று இராணுவத்தைத் தவிர வேறு அமைப்பு இல்லை. அந்த நடுவருக்கோ ஆட்டத்தில் சொந்தப் பங்கு இருந்தது. துனிசியாவையும் முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை: 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது, கட்சிச் சண்டைகளால் சலித்திருந்த மக்களில் பலர் தெருவில் இறங்கி அதைக் கொண்டாடினார்கள்.

இன்று எகிப்து அந்த நாள்களை எப்படி நினைவுகூர்கிறது?

2014 அரசமைப்பின் முன்னுரை ‘ஜனவரி 25 – ஜூன் 30 புரட்சி’ என்று இரண்டையும் ஒரே புரட்சியாக எழுதிவைத்திருக்கிறது. ஜனவரி 25க்கு விடுமுறை உண்டு. அது காவலர் தினமும்கூட என்பதால் வாழ்த்துரைகள் காவல்துறைக்கே போகின்றன. தஹ்ரீர் சதுக்கத்தின் நடுவே 2020இல் பழங்காலத் தூபி ஒன்றும் கர்னாக்கிலிருந்து கொண்டுவந்த ஆட்டுத்தலைச் சிலைகள் நான்கும் நிறுவப்பட்டன. இறந்தவர்களின் பெயர்கள் அங்கே எங்கும் பொறிக்கப்படவில்லை. பிளவுபட்ட எல்லா அணிகளின் ஆள்களும், சகோதரத்துவ அமைப்பினரும், ஏப்ரல் 6 இளைஞர்களும், இடதுசாரிகளும், ஒரே சிறைகளில் அடைக்கப்பட்டார்கள். பதினெட்டு நாள்களுக்குப் பிறகு அவர்கள் மறுபடி ஒன்றாக இருக்க நேர்ந்த இடம் அதுதான்.